நீலிக்குத் திரை கிடைத்தது, வில்லுக்கு?

டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ 2025 ஆகஸ்ட் இறுதியில் வெளியாகி, மலையாள சினிமாவின் வசூல் கணக்குகளைப் புரட்டிப்போட்டது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த நாயகி இன்றைய பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறாள். மனிதர்க்கு இல்லாத வலிமை அவளுக்கு உண்டு. அவளுடைய வேர் கள்ளியங்காட்டு நீலி என்று படமே சொல்கிறது. நாகர்கோவிலை ஒட்டி இன்றும் ஊர்ப்பெயராக இருக்கிறது கள்ளியங்காடு. அங்கிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான்.

நம்மவர்களுக்கு இவள் புதியவள் இல்லை. பழையனூர் நீலியும் நீலிக் கண்ணீரும் தமிழ் பேசும் எல்லா வீட்டிலும் புழங்குபவை. ஆனால் தென் திருவிதாங்கூரில் அவளுக்கு இருக்கும் இடமே வேறு. அங்கே அவள் இசக்கி. நகைக்காகக் கொல்லப்பட்டவள், சாகும்போது கள்ளிச் செடியைச் சாட்சி வைத்தவள், மறுபிறவி எடுத்து அதே கள்ளிக் கொப்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்திவந்து பழி முடித்தவள். இந்தக் கதையை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வந்தது ஏட்டுச்சுவடி மட்டுமல்ல. ஆண்டுதோறும் கோவில் கொடை விழாவில், நள்ளிரவு தாண்டியும் வில்லடித்துப் பாடியவர்களின் தொண்டை அதைக் காப்பாற்றியது. நீலி திரைக்கு வந்துவிட்டாள். அவளைச் சுமந்துவந்த பாடகர் எங்கே இருக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இந்தக் கவலைக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அது மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது.

மாலி, கினி, செனகல், கம்பியா நாடுகளில் ‘ஜெலி’, ‘ஜாலி’ என்றும், பிரெஞ்சு வழியாக ‘க்ரியோ’ என்றும் அழைக்கப்படும் பாடகர் குலங்கள் உண்டு. குயாத்தே, ஜாபாத்தே, சிசோக்கோ என்ற குடும்பப் பெயரைக் கேட்டாலே அங்குள்ளவர்களுக்கு இவர் பாடகர் வழி என்று தெரிந்துவிடும். அரச வம்சத்தின் தலைமுறைக் கணக்கு, போரில் யார் நின்றார், யார் ஓடினார், எந்தக் குடிக்கும் எந்தக் குடிக்கும் என்ன கடன் என்பதெல்லாம் இவர்கள் நினைவில்தான் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்த்தாவுக்குப் பாலா ஃபாசெக்கே என்ற க்ரியோ இருந்தார். அவர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குயாத்தே குடும்பங்கள் இன்றும் பாடுகின்றன. பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி 21 நரம்பு பூட்டிய கோரா, மரச்சட்டங்களால் ஆன பாலஃபோன், கையடக்கமான ங்கோனி ஆகியவை அவர்கள் கருவிகள்.

தமிழ் படித்த எவருக்கும் உடனே பாணர் நினைவு வரும். யாழும் கையுமாகப் புரவலனைத் தேடி நடந்தவர்கள், ஆற்றுப்படைகளின் நாயகர்கள். ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி 1968-இல் வெளியான தம் ஆங்கில ஆய்வில், சங்கப் பாடல்களை உலகின் பிற வாய்மொழி வீரப்பாடல் மரபுகளோடு வைத்து ஆராய்ந்தார். ஆனால் பாணரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இறந்தகாலத்தில் பேசுகிறோம். அப்படிப் பேச வேண்டிய தேவை இல்லை. திருவனந்தபுரத்தின் நடுவிலேயே, ஆண்டுக்குப் பத்து நாள், அந்த மரபின் உறவுக்காரர்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள்.

ஆற்றுகால் பொங்காலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெருவெங்கும் செங்கல் அடுப்பு, புகை, இலட்சக்கணக்கான பெண்கள். 2009-இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. அந்த அடுப்புகளுக்கு நெருப்பு எப்போது வைக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோவில் முன்னால் போட்ட ஓலைப்பந்தலில் தோற்றம்பாட்டுக்காரர்கள் குழித்தாளத்தோடு அமர்ந்து கண்ணகி கதையைப் பாடுகிறார்கள். காப்புக்கட்டும் முதல்நாள் கொடுங்ஙல்லூர் அம்மையைப் பாட்டாலேயே அழைத்துவந்து ஆற்றுகாலில் குடியிருத்துகிறார்கள். பிறகு நாளொன்றுக்கு ஒரு பகுதியாகக் கல்யாணம், வறுமை, சிலம்பு, மதுரை என்று கதை நகர்கிறது. கோவலன் கொலைப்படும் பகுதி பாடப்பட்டால் மறுநாள் காலை நடை திறக்கத் தாமதமாகும். அம்மை துக்கத்தில் இருக்கிறாள். கடைசியில் பாண்டியன் வதம் பாடி முடிந்த பின்தான் கோவில் அடுப்பில் தீ ஏறுகிறது. அங்கிருந்து நகரமெங்கும் பரவுகிறது.

ஒரு மாநிலத் தலைநகரமே ஒரு பாடகர் தம் வரியை முடிப்பதற்காகக் காத்திருக்கிறது. ஊரின் ஒரு நாளைப் பாட்டு ஆளும் இத்தகைய தருணங்கள் உலகில் அதிகம் மிச்சமில்லை. சேரன் கல்லெடுத்துக் கோவில் கட்டியதாக இளங்கோ சொன்ன பெண்ணுக்கு, சேரநாட்டில் இன்றும் ஆண்டுக்கொரு முறை மதுரை எரிகிறது. அதை எரிப்பது பாட்டு. ஆயினும் தொலைக்காட்சி நேரலையில் நமக்குக் காட்டப்படுவது அடுப்பும் பானையும் பிரபலங்களின் முகமும்தான். பந்தலில் பாடுபவரின் குரல் சில நொடிகள் பின்னணியில் கேட்டு மறைந்துவிடுகிறது.

ஆற்றுகாலிலிருந்து தெற்கே இறங்கினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை. இங்கே ‘வில்லடிச்சான் பாட்டு’ என்பார்கள். எல்லை தாண்டினால் வில்லுப்பாட்டு, அல்லது வெறுமனே ‘வில்லடி’. நீண்ட வில்லின் தண்டு நெடுக மணிகள் தொங்கும். வில்லின் நடுவைக் குடத்தின் கழுத்தில் பொருத்திக் கட்டி, புலவர் இரண்டு வீசுகோலால் நாணில் அடிப்பார். குடக்காரர் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அறைய, அடியாழத்திலிருந்து ‘கும்’மென்று ஒலி எழும். உடுக்கு, ஜால்ரா, கட்டை கூட வரும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று ஒழுங்காக நகர்ந்து கதைக்குள் நுழைவார்கள். கதை உச்சம் ஏற ஏற வீசுகோல் வேகம் பிடிக்கும். எதிரே சாமியாடி எழுவார். முடிவில் வாழி பாடும்போது ஊரும் கொடை நடத்தியவர்களும் வாழ்த்துப் பெறுவார்கள். க்ரியோ தம் பாட்டில் ஒரு குடும்பத்தின் முன்னோரைப் பெயர் சொல்லி உயர்த்தும்போது கூட்டத்திலிருந்து எழுந்துபோய்ப் பணம் கொடுப்பது மாலியில் வழக்கம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஒப்பந்தம்: உன் பெயரை நான் காப்பாற்றுகிறேன், என் வயிற்றை நீ காப்பாற்று.

இன்னொரு ஒற்றுமை என்னை நிறையவே யோசிக்க வைத்தது. வில்லடியில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அது கதைக்கு மூச்சு. மாண்டே மக்களின் சுந்தியாத்தா கதையிலும் அதே வேலைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வரிக்கு வரி ‘நாமு’ என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், உண்மைதான், மேலே சொல் என்று ஒரு மனிதர் சொல்லிக்கொண்டே இல்லாவிட்டால் ஒரு இரவு நீளும் கதையை எவராலும் பாடிவிட முடியாது.

வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். க்ரியோ பிறப்பால் ஆகிறவர். வில்லுப்பாட்டு ஒரு சாதிக்கு மட்டும் உரியதல்ல. பல சாதியினரும் அண்ணாவியிடம், அதாவது வில்லுக்குழுவின் ஆசானிடம், கற்றுக்கொண்டு பாடுகிறார்கள். குலத்தொழிலாகவே பாடுகிறவர்கள் என்றால் சர்ப்பக்காவுகளில் குடமும் வீணையும் மீட்டும் புள்ளுவரையும், திருநெல்வேலிப் பக்கம் மகுடம் அடிக்கும் கணியாரையும்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஊரின் வரலாற்றைச் சுமக்கும் வேலையில் வில்லுக்காரருக்கும் க்ரியோவுக்கும் இடைவெளி குறைவு.

அந்த வரலாறு என்ன? மலையாள அறிஞர்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று வகுத்த கதைப்பாடல்கள் அவை. உலகுடைய பெருமாள், அஞ்சு தம்புரான், கன்னடியன் போர், நீலி, பொன்னிறத்தாள், வலியதம்பி குஞ்சுதம்பி. இவற்றின் மொழி மலையாளம் கலந்த தமிழ், அல்லது தமிழ் கலந்த மலையாளம். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அப்படி. இவற்றில் இரவிக்குட்டிப்பிள்ளை போர் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 17-ஆம் நூற்றாண்டின் முப்பதுகளில் திருமலை நாயக்கரின் படை வேணாட்டுக்குள் இறங்கியது. தக்கலையை அடுத்த கேரளபுரத்துக்காரனான இளம் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை கணியாகுளத்தில் அதை எதிர்த்து நின்று விழுந்தான். சொந்த நாட்டுப் பிரபுக்களின் பொறாமையே அவனைத் தனியாக விட்டது என்கிறது பாட்டு. தாய் கெட்ட கனவு கண்டு தடுக்கிறாள்; அவன் போகிறான். வெட்டுண்ட தலை நாயக்கர் பாசறைக்குப் போகிறது. அவனுடைய ஆள் காளிநாயர் எதிரி முகாமுக்குள் சென்று அந்தத் தலையை மீட்டுவருகிறான். மதுரைத் தரப்பிலும் அதே காலத்துத் தளபதி ஒருவருக்குப் பாட்டு உண்டு: இராமப்பய்யன் அம்மானை. ஒரே யுகத்தை எல்லைக்கு இருபுறமும் தமிழ்ப் பாட்டு பாடியிருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மக்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கு மட்டும் அன்று ஒரு பிளவு நேர்ந்தது. கேரளத்தின் பெருமிதக் கதைகளாக வடக்கே கடத்தநாட்டு வடக்கன் பாட்டுகள் நிலைபெற்றன. 1961-இல் ‘உண்ணியார்ச்சா’, 1989-இல் எம்.டி. எழுதிய ‘ஒரு வடக்கன் வீரகாதா’ என்று சினிமா அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தது. தெற்கத்திப் பாட்டுகளில் தமிழ் வாடை அதிகம் என்று அங்கே ஒதுக்கம். மலையாள வாடை அதிகம், பாடியது வேணாட்டு மன்னர்களை என்று இங்கே ஒதுக்கம். நாகர்கோவிலில் அ. கா. பெருமாள் போன்றவர்கள் வாழ்நாள் உழைப்பைக் கொடுத்துச் சுவடிகளைப் பதிப்பித்திராவிட்டால் பல கதைகள் பெயரளவில்கூட மிஞ்சியிருக்காது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரிக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டு 1988-இல் வில்லுப்பாட்டைப் பற்றி முழு நூலே எழுதினார். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் சுவடி நூலகத்தில் தமிழ் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. நூலகம் ஏட்டைக் காக்கும். இராகத்தையும் வேகத்தையும் வில்லுக்காரர்தான் காக்க முடியும்.

இனி அந்த ஆப்பிரிக்க அளவுகோலுக்கு வருவோம். அங்கே மரபு தானாக நவீனமாகிவிடவில்லை. 1958-இல் விடுதலை பெற்ற கினி, அரசுப் பணத்தில் இசைக்குழுக்களை அமைத்தது. பெம்பேயா ஜாஸ் என்ற குழு 1969-இல், பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்ட சமோரி தூரேயின் கதையை மின்கிதாரும் ஊதுகருவிகளும் சேர்த்து ஒரு நீண்ட இசைக்காவியமாக்கி அல்ஜியர்ஸ் விழாவில் நிகழ்த்தியது. நம் இரவிக்குட்டிப்பிள்ளையை அப்படி ஒருவர் செய்திருந்தால் என்று ஏங்காமல் அதைக் கேட்க முடியவில்லை. மாலியில் பாமாகோ ரயில் நிலைய உணவகத்தில் 1970-இல் தொடங்கிய ரயில் பேண்ட், சுந்தியாத்தா கதையையே ஆட்டம்போடும் இசையில் பாடியது. அதில் பாடிய மோரி காந்தே க்ரியோ குடும்பத்துப் பிள்ளை. அவருடைய ‘யேகே யேகே’ 1987-இல் ஐரோப்பிய நடன அரங்குகளை ஆட்டி, பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அதே குழுவில் பாடிய சலிஃப் கெய்த்தாவின் கதை நேர்எதிர். அவர் சுந்தியாத்தாவின் அரச வழி. பாடுவது அவர் குலத்துக்கு இழுக்கு. வீட்டாரின் எதிர்ப்பை மீறிப் பாட வந்தவர், 1987-இல் ‘சோரோ’ தொகுப்பால் உலகப் புகழ் பெற்றார்.

2024 ஜூலையில் மறைந்த கோரா மேதை தூமானி ஜாபாத்தே, எழுபதுக்கும் மேற்பட்ட தலைமுறை கோராக்காரர்களின் வாரிசு என்று குடும்பம் சொல்லும். அவரே ஸ்பெயினின் ஃப்ளமெங்கோக்காரர்களோடும் அலி ஃபர்க்கா தூரேயின் கிதாரோடும் சேர்ந்து வாசித்தார். பாசெக்கூ குயாத்தே உட்கார்ந்து வாசிக்கும் ங்கோனியில் மின்னிணைப்பு கொடுத்து, தோளில் மாட்டி எழுந்து நின்றார். அடிநாத ங்கோனி ஒன்றையும் உருவாக்கி ங்கோனிகளை மட்டுமே வைத்து ஒரு முழுக் குழுவை நடத்திக் காட்டினார். ஆண்களே வாசித்துவந்த கோராவை, க்ரியோ குடும்பத்துப் பெண்ணான சோனா ஜோபார்த்தே தொழில்முறைக் கருவியாக ஏற்று, கம்பியாவில் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்துகிறார். மின்சாரம், புதிய தாளம், அயல்நாட்டு மேடை எல்லாம் வந்தபோதும் கருவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அது மரபின் பிள்ளைகள் கையில் இருந்தது. அவர்கள் பெயர்தான் தொகுப்பின் அட்டையில் முதலில் நின்றது.

திருவனந்தபுரத்திலும் கலப்பு நடந்தது, மிக நன்றாகவே நடந்தது. 2003-இல் இந்த நகரத்தில் உருவான ‘அவியல்’ குழு 2008-இல் எட்டுப் பாட்டுகளோடு ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஆங்கிலத்தில் பாடினால்தான் ராக் என்றிருந்த காலத்தில், மலையாள மண்ணின் சொல்லும் தாளமும் மின்கிதாரோடு மோதிய அந்த ஓசை கேரள இளைஞர்களைக் கிறங்கடித்தது. டோனி ஜானின் குரலும் ரெக்ஸ் விஜயனின் கிதாரும் பிறகு வந்த பல குழுக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. அந்தத் தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ என்றொரு பாட்டு. நகரத்தின் வடக்கே செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு அது. குருவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். தேவாரப் பதிகங்கள் என்று தமிழிலேயே பாடியவர். அவர் யோகம் கற்றது தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யாவு சுவாமிகளிடம். குண்டலினிப் பாட்டைக் கேட்கும் தமிழர் எவருக்கும் பாம்பாட்டிச் சித்தர் காதில் ஒலிக்காமல் போகமாட்டார். சித்தரின் பாம்பு குருவின் வழியாக மின்கிதாருக்கு வந்து ஆடியது. கலப்பு என்றால் இது. ஒவ்வொரு கையும் தன் காலத்து ஓசையைக் கூட்டியது, எந்தக் கையும் பழையதை அழிக்கவில்லை.

அவியலில் நான் குறை காணவில்லை. அவர்கள் திறந்த கதவு வழியாக வில்லுக்காரர் இன்னும் உள்ளே வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மானவீயம் வீதியில் மாலை நேரங்களில் இளைஞர்கள் கிதாரோடு கூடுகிறார்கள். கோவளத்தை அடுத்த வெள்ளாரின் கலை, கைவினைக் கிராமத்தில் 2022-இல் சுயாதீன இசைக்கென்று பன்னாட்டு விழாவே நடந்தது. இவற்றிலெல்லாம் நாட்டுப்பாட்டு இருக்கிறது. அது பெரும்பாலும் நான்கு நிமிடத்துக்கு நறுக்கிய நாட்டுப்பாட்டு. பல்லவி இருக்கிறது, கதை இல்லை. வில்லின் வலிமையே கதைதான்.

கேரளம் கதை கேட்காத ஊரல்ல. கொல்லம் சவறக்காரரான வி. சாம்பசிவன் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும் டால்ஸ்டாயின் நாடகத்தையும் கதாபிரசங்கமாக்கிக் கோவில் திருவிழா மைதானங்களில் சொன்னார். விடிய விடியக் கூட்டம் உட்கார்ந்து கேட்டது. டெஸ்டிமோனாவுக்காக அழுத சாதாரண உழைப்பாளிகளை உருவாக்கியது அந்தக் கலை. நம் பக்கம் நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து புறப்பட்ட கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இளமையில் வில்லுப்பாட்டுக்காரர். அவர் கண்டெடுத்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையை வில்லில் ஏற்றினார்; வானொலிக்கும் மேடைக்கும் அரசின் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கும் வில்லைக் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அவர் மகள் பாரதி திருமகன் வில்லைத் தொடர்கிறார். ஆண்கள் ஆண்ட கொடை மேடையில் சிறுமியாக ஏறி, வீசுகோலைச் சுழற்றி எறிந்து பிடித்து ஊர்களைக் கட்டிப்போட்டவர் குமரியின் பூங்கனி. ஒரு சோனா ஜோபார்த்தேவுக்கு நிகராகக் கொண்டாடப்பட வேண்டிய அவர், முதுமையில் தனிமையிலும் வறுமையிலும் வாழ்ந்து 2018-இல் போனார். இதை எழுதும்போது கோபம் வருகிறது. அந்தக் கோபம் சரியானதுதான்.

ஆகவே வில் மாறத் தெரியாத கருவி என்று எவரும் சொல்ல முடியாது. ஆர்மோனியம் வந்தது, ஏற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி வந்தது, ஏற்றுக்கொண்டது. சொல்லப்போனால் ஒலிபெருக்கிதான் வில்லுக்குத் துரோகம் செய்தது. கொடைகளில் புலவரின் வாய்க்கு முன்னால் ஒரு மைக் வைத்து, கூம்புக் குழாய்களில் ஓசையைத் தள்ளும்போது குடத்தின் அடிநாதம் முற்றிலும் செத்துவிடுகிறது. மணிகளின் கூர்மை மட்டும் காதைக் கிழிக்கிறது. வில் இரைச்சலான கருவி என்ற எண்ணம் நகரத்துக் காதுகளில் விழுந்தது இப்படித்தான். குடத்துக்குத் தனி மைக், நாணின் அதிர்வை எடுக்கத் தண்டில் ஒரு உணரி, உடுக்குக்கு ஒன்று, நல்ல அடிநாதம் தரும் ஒலிப்பெட்டிகள் இருந்தால் போதும்; அந்தக் குடம் ஒரு பேஸ் கிதாருக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும். ங்கோனிக்குப் பாசெக்கூ செய்த அதே வேலை இது. திருவனந்தபுரத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்கான கருவியும் இருக்கிறது, செய்யத் தெரிந்த ஆளும் இருக்கிறார்.

அதன்பின் வேண்டியது ஒரு முழுக்கதை. நான்கு நிமிடம் போதாது. இரவிக்குட்டிப்பிள்ளை போரை மூன்று மணி நேரத்துக்குச் செறிவாக்கலாம். தாயின் கனவு வரை வில்லும் குடமும் மட்டும். படை புறப்படும்போது டிரம்ஸ் சேரட்டும். கணியாகுளத்தில் கிதார் வெடிக்கட்டும். காளிநாயர் தலையோடு திரும்பும் இடத்தில் எல்லாம் அடங்கி உடுக்கு ஒன்றே பேசட்டும். மலையாளம் அறிந்த இளைஞனுக்கும் தமிழ் அறிந்த இளைஞனுக்கும் அந்த மொழி பாதிக்கு மேல் புரியும். மீதியைப் பக்கப்பாட்டுக்காரர் சொல்லிவிடுவார்; அதற்குத்தானே அவர் இருக்கிறார். சூர்யா விழாவோ கனகக்குன்றின் நிசாகந்தி அரங்கோ இதற்கு ஒரு மாலையைக் கொடுக்கலாம். தமிழக இயல் இசை நாடக மன்றமும் கேரள ஃபோக்லோர் அகாடமியும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். 1956-க்குப் பிறகு இந்தப் பாட்டை இரு மாநிலமும் சேர்ந்து சொந்தம் கொண்டாடும் முதல் மேடையாக அது அமையட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன். ஒத்திகையில் எங்கே வேகம் பிடிப்பது, எந்த வரியை விடக்கூடாது என்று முடிவு செய்பவர் அண்ணாவியாக இருக்க வேண்டும். சுவரொட்டியில் முதல் பெயர் அவருடையது, சம்பளத்தில் முதல் பங்கும் அவருடையது. பதிவு வெளியானால் உரிமைத் தொகை அவர் குழுவுக்கும் போக வேண்டும். கிதார்க்காரர் அவருக்கு ‘ஆமா’ போடட்டும்.